நாலு மாசி வீதியும் நாக்கு ருசியும்!

மதுரைக்கு வந்தால் மீனாட்சி தரிசனம், திருமலை நாயக்கர் மகால், நேரம் இருந்தால் திருப்பரங்குன்றம், அழகர்கோவில். ஒரு காலத்தில் வெளியூர்க்காரர்களின் பட்டியல் இவ்வளவுதான். சாப்பாடு என்பது இதற்கு நடுவே எங்கேயாவது நடக்கிற விஷயம். இப்போது சாப்பாட்டுக்காகவே ஒரு சாயங்காலத்தை ஒதுக்கிக்கொண்டு வருகிறார்கள். இதற்கு 'ஃபுட் வாக்' என்று பெயர். நாம் 'உணவு நடை' என்று சொல்லிக்கொள்வோம்.

ஊர் தெரிந்த வழிகாட்டி ஒருவர் எட்டு பத்து பேரைச் சேர்த்துக்கொண்டு வெயில் தாழ்ந்ததும் கிளம்புவார். பழைய வீதிகளில் மூன்று மணி நேரம் நடை. வழியில் ஏழெட்டுக் கடைகள். பருத்திப்பாலில் ஆரம்பித்து ஜிகர்தண்டாவில் முடியும். நடுவில் அந்தந்தத் தெருவின் கதை, கடையின் கதை, பலகாரத்தின் கதை.

இது சம்பந்தமாக என்னிடம் வருகிற கேள்வி எப்போதும் ஒன்றுதான். "டாக்டர், டெல்லியிலேருந்து மச்சினர் குடும்பம் வர்றாங்க. எல்லாருமாப் போகலாம்னு பணம் கட்டியாச்சு. எனக்கு சுகர் இருக்கு. வீட்டுல அவங்களுக்கு பிரஷர். அம்மாவுக்கு முழங்கால் வலி. போகலாமா, கூடாதா?"

தாராளமாகப் போகலாம். பத்தியம் என்ற பேரில் எல்லாவற்றையும் தடுப்பது சித்த மருத்துவத்தின் வேலை இல்லை. யாருக்கு, எவ்வளவு, எப்போது என்று சொல்வதுதான் அதன் வேலை. இந்த மூன்றையும் தெரிந்துகொண்டு போனால் மறுநாள் காலையில் மருந்துக் கடை வாசலில் நிற்க வேண்டியிருக்காது.

நடப்பதற்கென்றே அமைந்த ஊர்

மதுரையின் அமைப்பே நடப்பவர்களுக்குச் சாதகமானது. கோயிலை நடுவில் வைத்து, சதுரத்துக்குள் சதுரமாக வீதிகள். கோயில் மதிலுக்கு உள்ளே ஆடி வீதிகள். வெளியே சித்திரை வீதிகள், அடுத்து ஆவணி மூல வீதிகள், அதற்கும் வெளியே மாசி வீதிகள், கடைசியில் வெளி வீதிகள். கோயிலிலிருந்து எந்தத் திசையில் நடந்தாலும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் வெளி வீதிக்கு வந்துவிடலாம். அங்கேதான் ஒரு காலத்தில் கோட்டைச் சுவர் இருந்தது. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் அதை இடித்து ஊரை விரித்தார்கள். அவர் நினைவாக நிறுத்திய விளக்குத்தூண்தான் இன்று கீழ மாசி வீதிப் பக்கம் ஜிகர்தண்டா குடிக்கிறவர்கள் கூடுகிற இடம்!

சாப்பிட்டுவிட்டு நடப்பது நல்லது என்று நம் பெரியவர்கள் சொன்னதை இன்றைய ஆய்வும் ஒப்புக்கொள்கிறது. நியூசிலாந்தில் ஒடாகோ பல்கலைக்கழகத்தார் 41 சர்க்கரை நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2016-ல் வெளியானது. தினம் ஏதோ ஒரு நேரத்தில் 30 நிமிடம் சேர்ந்தாற்போல் நடப்பதைவிட, மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு 10 நிமிடம் நடந்தபோது, சாப்பாட்டுக்குப் பின் ஏறுகிற சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைவாக இருந்தது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நடந்ததில்தான் பலன் அதிகம்.

அப்படியானால் உணவு நடை சுகர்காரர்களுக்கு நல்லதாச்சே என்று துள்ள வேண்டாம். அந்த 41 பேரும் தங்கள் வழக்கமான சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு நடந்தவர்கள். ஒரே ராத்திரியில் எட்டுக் கடை ஏறி இறங்கியவர்கள் இல்லை! அதோடு, வழிகாட்டியோடு போகும் நடை ஐந்து நிமிடம் நடந்து இருபது நிமிடம் நிற்கிற நடை. மொத்தமாகக் கணக்குப் பார்த்தால் இரண்டு மூன்று கிலோமீட்டர் தேறும். அது கொஞ்சம் உதவும், எல்லாவற்றையும் எரித்துவிடாது.

முதலில் அடுப்பைப் பாருங்கள்

சித்த மருத்துவத்தில் செரிக்கிற சக்தியைத் தீ என்றுதான் சொல்வோம். நாலு வகை உண்டு. சமமாக எரிவது சமாக்கினி. ஒரு நாள் செரித்து ஒரு நாள் செரிக்காமல் போக்குக் காட்டுவது விஷமாக்கினி. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் மறுபடி பசி எடுத்து நெஞ்சு எரிவது தீட்சணாக்கினி. மதியம் சாப்பிட்டது ராத்திரி வரை அப்படியே நிற்பது மந்தாக்கினி.

திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. அதிலுள்ள பத்துக் குறளில் ஆறு சாப்பிடும் முறையைப் பற்றியவை. முன்னே சாப்பிட்டது செரித்ததா என்று பார், நன்றாகப் பசித்த பிறகு சாப்பிடு, உன் வயிற்றுத் தீயின் அளவு தெரிந்து சாப்பிடு. வள்ளுவர் சொல்கிற வைத்தியம் இவ்வளவுதான். உணவு நடைக்கு இதைவிட நல்ல விதிமுறை கிடையாது.

எனவே அன்றைக்கு மதியம் விருந்துச் சாப்பாடு வேண்டாம். ரசம், மோர், ஒரு பொரியல் என்று எளிமையாக முடித்துக்கொள்ளுங்கள். அதற்காக, "ராத்திரிதான் வெளுத்துக் கட்டப் போறோமே" என்று மதியம் பட்டினி கிடப்பதும் தப்பு. காய்ந்த வயிற்றில் முதல் கடையிலேயே எண்ணெய்ப் பலகாரத்தைத் தள்ளினால் நெஞ்செரிச்சல் நிச்சயம். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பட்டினி கிடப்பது ஆபத்து. அதைத் தனியாகச் சொல்கிறேன்.

இனி கடை கடையாகப் போவோமா?

பருத்திப்பால்

பருத்தி விதையை ஊறவைத்து, ஆட்டி, பிழிந்து எடுத்த பாலைக் காய்ச்சுவார்கள். பச்சரிசி மாவு, வெல்லம் அல்லது கருப்பட்டி, சுக்கு, ஏலம், மேலே தேங்காய்த் துருவல். சளி, இருமலுக்கு இதமானது, தாய்ப்பால் பெருக்குவது என்று நம் வைத்தியத்தில் சொல்லப்பட்டது. பச்சைப் பருத்தி விதையில் காசிபால் என்ற நச்சுத்தன்மையுள்ள பொருள் உண்டு. வேகவைக்கும்போது அதன் வீரியம் குறைகிறது. அதனால் கொதிக்கக் கொதிக்க இறக்கியதைத்தான் குடிக்க வேண்டும். அரைகுறையாகக் காய்ச்சியது கூடாது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையை உடைத்துவிடுகிறேன். "கருப்பட்டிதானே டாக்டர், சுகர் ஏறாதுல்ல?" ஏறும்! கருப்பட்டியில் சில தாது உப்புகள் இருப்பது உண்மை. ஆனால் அதில் பெரும்பகுதி சர்க்கரைதான். சுகர்காரர்களுக்கு இரண்டு மடக்கு போதும். மீதியை வீட்டுக்காரரிடமோ பேரனிடமோ கொடுத்துவிடுங்கள்.

முள்ளு முருங்கை வடை

நாயக்கர் காலத்தில் நெசவுத் தொழிலோடு மதுரையில் வேரூன்றிய சௌராஷ்டிர மக்கள் ஊருக்குத் தந்த பலகாரம் என்று இதைச் சொல்லலாம். முள்ளு முருங்கை என்பது நாம் கல்யாண முருங்கை என்று சொல்கிற மரம். அதன் இலையை அரிசியோடு அரைத்துத் தட்டிப் பொரிப்பார்கள். கபத்தைக் கரைக்கிற இலை இது. இருமல், சளிக்கும் பெண்களின் மாதவிடாய்த் தொல்லைகளுக்கும் இந்த இலையை நாங்கள் எழுதிக் கொடுப்பது வழக்கம். ஆனால் எண்ணெயில் மிதந்து வந்ததை மருந்து என்று நினைத்து நாலு சாப்பிடக்கூடாது. கடையில் ஒன்று ருசி பாருங்கள். பிடித்திருந்தால் அதே இலையை அரைத்து வீட்டில் தோசைக்கல்லில் அடையாக வார்த்துக்கொள்ளுங்கள். மருந்துக்கு அதுதான் சரி.

வெள்ளையப்பம்

பச்சரிசியும் உளுந்தும் அரைத்த மாவை எண்ணெயில் ஊற்றிப் பொரித்து, காரச் சட்னியோடு தருவார்கள். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. இங்கே பார்க்க வேண்டியது எண்ணெயை. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் கெடுதலான பொருட்கள் சேரும். அவற்றின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை முதல் விதி வைத்திருக்கிறது. நம் கையில் அளக்கிற கருவி இல்லை. கண்ணும் மூக்கும் இருக்கிறதே! எண்ணெய் கறுத்திருந்தாலோ, பிசுபிசுவென்று கெட்டியாக இருந்தாலோ, நுரை தள்ளினாலோ, காந்தல் வாசனை வந்தாலோ அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

இட்லி

ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் மதுரையில் ஆவி பறக்க இட்லி கிடைக்கும். தூங்கா நகரம் என்று சும்மாவா சொன்னார்கள்! புளித்த மாவு, ஆவியில் வெந்தது, எண்ணெய் இல்லை. குழந்தைக்கும் பாட்டிக்கும் பயமில்லாமல் கொடுக்கலாம். ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது சட்னியில். மதுரையில் இட்லியோடு மூன்று நாலு வகைச் சட்னி வரும். அவற்றில் சீக்கிரம் கெட்டுப்போவது தேங்காய்ச் சட்னி. சாயங்காலம் அரைத்து வைத்ததை ராத்திரி பத்து மணிக்கு ஊற்றினால் வயிறு பேசும். லேசான புளிப்பு வாடை வந்தாலே ஒதுக்கிவிட்டு, கொதிக்கிற சாம்பாரைக் கேளுங்கள்.

கறி தோசை, கோலா உருண்டை, பரோட்டா

அசைவக்காரர்களுக்கு மதுரை சொர்க்கம். கீழே தோசை, நடுவில் முட்டை, மேலே கொத்துக்கறி. இதுதான் கறி தோசை. சிம்மக்கல் பக்கம் இதற்கென்றே கூட்டம் வரும். கொத்துக்கறியும் பொட்டுக்கடலையும் சேர்த்து உருட்டிப் பொரிப்பது கோலா உருண்டை. அதற்கு மேல் பரோட்டா, சால்னா. ஒவ்வொன்றும் தனித்தனியாகவே ஒரு வேளைச் சாப்பாடு. மூன்றையும் ஒரே ராத்திரியில் ஒரே வயிற்றில் போட்டால் எந்தத் தீயும் தாங்காது.

என் கணக்கு இதுதான். நாலு பேருக்கு ஒரு பிளேட். ஆளுக்கு இரண்டு வாய். மைதா, எண்ணெய், கறி மூன்றும் சேர்ந்த பரோட்டா செரிக்க நேரம் பிடிக்கும். மந்தாக்கினிக்காரர்கள் அதை விட்டுவிட்டுக் கறி தோசையில் ஒரு துண்டு எடுத்துக்கொள்ளலாம். பிரஷர்காரர்கள் சால்னாவைத் தொட்டுக்கொள்ளலாம், ஊற்றிக்கொள்ளக்கூடாது. ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சால்னா, சட்னி, ஊறுகாய், பொடி எல்லாம் சேர்ந்தால் அந்த அளவை ஒரே ராத்திரியில் தாண்டிவிடலாம்.

"மீன் சாப்பிட்டுட்டுப் பால் குடிச்சா வெண்புள்ளி வருமாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. பாலும் மீனும் ஒன்றுக்கொன்று ஆகாத உணவு என்று எங்கள் பாடத்தில் உண்டு. ஆனால் அதனால்தான் வெண்புள்ளி வருகிறது என்பதற்கு இன்றைய மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. வெண்புள்ளி உள்ளவர்களை இதைச் சொல்லிப் புண்படுத்தாதீர்கள். அயிரை மீன் குழம்பும் சோறும் சாப்பிட்ட கையோடு பெரிய டம்ளர் ஜிகர்தண்டா குடித்தால் வயிறு கனக்கும். அதற்காகவே இடையில் ஒரு மணி நேரமாவது விடுங்கள்.

ஜிகர்தண்டா

'ஜிகர்' என்றால் ஈரல், நெஞ்சு. 'தண்டா' என்றால் குளிர்ச்சி. பேரே சொல்லிவிடுகிறது. சுண்டக் காய்ச்சிய பால், ஊறிய பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். சில கடைகளில் கடல்பாசியும் சேர்ப்பார்கள்.

இதில் இரண்டு சரக்கு எங்கள் மருந்துப் பெட்டியில் இருப்பது. நன்னாரி வேர் பித்தச் சூட்டைத் தணிக்கும், நீர்க்கடுப்புக்கு நல்லது. பாதாம் பிசினும் குளிர்ச்சிக்குத்தான். ஆனால் பிசின் நன்றாக ஊற வேண்டும். ஒரு டீஸ்பூன் பிசின் ராத்திரி முழுக்க ஊறினால் பல மடங்கு உப்பி, கண்ணாடி போல வழவழவென்று ஆகிவிடும். பல்லில் கடினமாகத் தட்டுப்பட்டால் அதை விழுங்காதீர்கள். வயிற்றுக்குள் போய் ஊறட்டும் என்று விடுகிற சமாசாரம் இல்லை இது. நன்னாரியிலும் வேரைக் காய்ச்சி எடுத்தது உண்டு, எசன்ஸ் கலந்தது உண்டு. மண்வாசனை போல ஒரு மணம் வந்தால் வேர். மிட்டாய் வாசனையும் கண்ணைப் பறிக்கிற நிறமும் இருந்தால் சந்தேகப்படலாம்.

குளிர்ச்சியாச்சே என்று சுகர்காரர்கள் ஏமாந்து போவது இங்கேதான். பால், சர்பத், ஐஸ்கிரீம் என்று மூன்று வழியாகச் சர்க்கரை சேருகிறது. சேர்க்கும் சர்க்கரையை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு டீஸ்பூனுக்குள், வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. ஒரு டம்ளர் ஜிகர்தண்டா அதை ஒரே மூச்சில் முடித்துவிடக்கூடும். நீரிழிவு இருந்தால் மூன்று ஸ்பூனோடு நிறுத்துங்கள். ஆஸ்துமா, சைனஸ் தொந்தரவு இருந்து, குளிர்ந்தது குடித்தால் மூச்சு இழுக்கும் என்று தெரிந்தவர்கள், பக்கத்திலேயே கிடைக்கிற சுக்கு மல்லி காபிக்கு மாறிவிடுங்கள்.

கடைசியில் பீடா வேண்டாமே!

வழிகாட்டி அன்பாக பீடா நீட்டுவார். வெற்றிலை நல்லதுதான், செரிமானத்துக்கு உதவும். பாக்கு அப்படியில்லை. புகையிலை கலக்காத பாக்குகூட வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-லேயே அறிவித்துவிட்டது. வெற்றிலையில் ஏலமும் சோம்பும் வைத்துத் தரச் சொல்லுங்கள். பாக்கு, சுண்ணாம்பு, பளபளக்கும் வெள்ளி இழை எதுவும் வேண்டாம்.

மாத்திரை நேரம்... இதுதான் முக்கியம்!

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

அறுபது வயதைத் தாண்டிய ஒருவர், என்னிடம் மூட்டு வலிக்கு மருந்து வாங்குகிறவர். சர்க்கரைக்கு ஆங்கில மாத்திரை. வழக்கம்போல ராத்திரி ஏழு மணிக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு உணவு நடைக்குக் கிளம்பினார். கோயில், கோபுரம், கதை என்று நடை நீண்டது. முதல் கடைக்கு வந்தபோது மணி எட்டேகால். அங்கே கூட்டம். மேல மாசி வீதியில் நின்றுகொண்டிருந்த மனிதருக்குச் சட்டை நனைய வேர்த்தது, கை நடுங்கியது, பேச்சு குழறியது. கூட வந்தவர்கள் புழுக்கம் என்று நினைத்து விசிறினார்கள். அவர் மனைவிக்குத்தான் பொறி தட்டியது. பக்கத்து டீக்கடையில் சர்க்கரையைக் கரைத்து வாங்கிக் குடிக்க வைத்தார். கால் மணி நேரத்தில் தெளிந்தார். அந்த அம்மாள் கூட இல்லாவிட்டால்?

நாம் எல்லோரும் சுகர் ஏறுவதைப் பற்றியே கவலைப்படுகிறோம். உணவு நடையில் உடனடி ஆபத்து சுகர் இறங்குவதில் இருக்கிறது. இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் மருந்து உள்ளே போய் சாப்பாடு தாமதமானால் சர்க்கரை சரசரவென்று இறங்கும். கூடவே நடையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். எனவே:

* போவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே உங்கள் டாக்டரிடம், "அன்னைக்கு ராத்திரிச் சாப்பாடு இந்த நேரத்துல, இப்படித் துண்டு துண்டா இருக்கும். மருந்தை எப்ப எடுக்கணும்?" என்று கேட்டுவிடுங்கள். நீங்களாக நிறுத்துவதும் வேண்டாம், கூட்டுவதும் வேண்டாம். "இன்னைக்கு ஒரு மாத்திரை சேர்த்துப் போட்டுக்கிட்டா சரியாப் போயிடும்" என்பது விபரீதக் கணக்கு.

* கிளம்புமுன் வீட்டில் ஒரு கைப்பிடி சுண்டலோ, ஒரு இட்லியோ சாப்பிட்டுவிடுங்கள்.

* பாக்கெட்டில் சர்க்கரைப் பொட்டலமோ குளுக்கோஸோ இருக்கட்டும். வேர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, குழப்பம் வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடி ஒரு தடவை. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரை ஏறிவிடும். 108-க்குப் போன் செய்யுங்கள்.

* கூட வருகிற ஒருவருக்காவது உங்களுக்குச் சுகர் இருப்பது தெரிந்திருக்க வேண்டும். வழிகாட்டியிடமும் சொல்லிவிடுங்கள். இதில் வெட்கம் எதற்கு?

பாதத்தை மறந்துவிடாதீர்கள்

நடை என்றால் செருப்பு. கோயிலுக்குள் போனால் வெறுங்கால். பல வருஷமாக நீரிழிவு உள்ளவர்களில் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும். பகல் வெயிலில் காய்ந்த கல்தரை சாயங்காலமும் சுடும். கொப்புளம் வந்ததே தெரியாது. கல் குத்தியதும் தெரியாது. மூன்று நாள் கழித்துப் புண்ணாகி நிற்கும்போதுதான் தெரியும். எனவே சுகர்காரர்கள் வெயில் நேரத்தில் பிராகாரம் சுற்ற வேண்டாம். கோயிலுக்குள் பருத்திக் காலுறை போட்டுக்கொள்ள முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள். வீடு திரும்பியதும் காலைக் கழுவித் துடைத்து, உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைக் கீழே வைத்துப் பாருங்கள்.

முழங்கால் வலி உள்ள பெரியவர்களை முழுத் தூரமும் இழுக்க வேண்டாம். பாதி நடைக்குப் பிறகு ஆட்டோவில் அடுத்த கடைக்கு வந்து சேரச் சொன்னால் ருசிக்கு ஒன்றும் குறைவில்லை.

வழிகாட்டியிடம் என்ன கேட்பது?

பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள். எத்தனை கடை? எவ்வளவு தூரம்? முதல் சாப்பாடு எத்தனை மணிக்கு? உட்கார இடம் உண்டா? வழியில் கழிப்பறை எங்கே? சைவம் தனியாகக் கிடைக்குமா? முந்திரி, வேர்க்கடலை, முட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள் இருந்தால் மாற்று உண்டா? இதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்கிறவர்தான் நல்ல வழிகாட்டி. "எல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்று மழுப்புகிறவரை நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்!

நல்ல வழிகாட்டியால் பெரிய லாபம் ஒன்று உண்டு. எந்தக் கடையில் எந்த நேரத்தில் சரக்கு புதிதாக இறங்கும் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் நம் கண்ணையும் திறந்து வைத்துக்கொள்வோம்:

* சமைத்த பண்டம் சூடாகவோ, நன்றாகக் குளிர்ந்தோ இருக்க வேண்டும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமிகள் வேகமாகப் பெருகும். வெதுவெதுப்பாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் கிடந்ததைத் தொடாதீர்கள்.

* காசு வாங்குகிற கையே பலகாரத்தையும் எடுக்கிறதா? தட்டை ஒரே வாளித் தண்ணீரில் முக்கி எடுக்கிறார்களா? அப்படியானால் வாழை இலையில் கேளுங்கள்.

* கொதிக்கிற சாம்பாரை, சால்னாவைப் பிளாஸ்டிக் பையில் வாங்காதீர்கள். ஒரு முறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை இருக்கிறது. பார்சல் வேண்டுமென்றால் தூக்குச்சட்டி கொண்டு போங்கள்.

* கடையில் 14 இலக்க உணவு உரிம எண் மாட்டியிருக்கிறதா பாருங்கள்.

* தண்ணீர் வீட்டிலிருந்து. ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று தெரியாவிட்டால் ஐஸ் வேண்டாம். கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

எந்த மாதம் போகலாம்? கார்த்திகை முதல் மாசி வரை மதுரை இதமாக இருக்கும். கார்த்திகையில் குடை மட்டும் அவசியம். சித்திரைத் திருவிழாவைப் பார்க்க வருகிறவர்கள் திருவிழாவை மட்டும் பாருங்கள். அந்த வெயிலிலும் கூட்டத்திலும் எட்டுக் கடை ஏறுவது வயிற்றுக்குச் சோதனை.

திரும்பி வந்த பிறகு

சாப்பிட்டவுடன் படுக்காதீர்கள். இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ராத்திரி பத்தரைக்கு நடை முடிந்தால், பேசிக்கொண்டு உட்காருங்கள். கதைக்கா பஞ்சம்? படுக்கும்போது இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தால் நெஞ்செரிச்சல் குறையும்.

வயிறு மந்தமாக இருந்தால் அரை டீஸ்பூன் சீரகத்தையும் ஒரு சிட்டிகை ஓமத்தையும் ஒன்றரை டம்ளர் தண்ணீரில் போட்டு, ஒரு டம்ளராகக் காய்ச்சி, வெதுவெதுப்பாகக் குடியுங்கள். உப்புசத்துக்கு, பெருங்காயமும் கறிவேப்பிலையும் சேர்த்த நீர்மோர். மஞ்சள், ஏலம், சீரகம், பெருங்காயம், சுக்கு, வெந்தயம், பூண்டு, மிளகு என்று எட்டுச் சரக்குகளை முக்குற்றத்தையும் சமன் செய்பவை என்று நாங்கள் படிக்கிறோம். எட்டும் உங்கள் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கின்றன. அட்டாதி சூரணம் வீட்டில் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதில் இந்துப்பு சேர்வதால் பிரஷர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக்கூடாது.

மறுநாள் காலை நன்றாகப் பசித்த பிறகே சாப்பிடுங்கள். கஞ்சி, இட்லி, ரசம் சாதம் போதும். பசி எடுக்கவில்லையா? "டிபன் டைம் ஆயிடுச்சே" என்று கடிகாரத்துக்காகச் சாப்பிடாதீர்கள். ஒரு வேளை லங்கணம் நல்ல மருந்து. இதுவும் சர்க்கரைக்கு மருந்து எடுக்கிறவர்களுக்குப் பொருந்தாது. அவர்கள் கஞ்சியாவது குடித்தாக வேண்டும்.

வயிற்றுப்போக்கு வந்துவிட்டால், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருங்கள். மலத்தில் ரத்தம், கடுமையான காய்ச்சல், நிற்காத வாந்தி, சிறுநீர் குறைவது, குழந்தை துவண்டு கிடப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சாப்பிட்ட பிறகு நெஞ்சை அழுத்துகிற வலி வந்து, வேர்த்து, தாடைக்கோ கைக்கோ பரவினால், "கேஸ் டிரபிள்" என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். நிமிஷம்கூடத் தாமதிக்காமல் போக வேண்டிய இடம் அவசரச் சிகிச்சைப் பிரிவு.

மொத்தத்தில் எட்டுக் கடை போனாலும் வயிறு ஒன்றுதான். ஒவ்வொரு கடையிலும், "இன்னும் கொஞ்சம் இருந்தா நல்லா இருக்குமே" என்று தோன்றும்போது எழுந்துவிடுங்கள். அந்தக் கடை நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும். நீங்களும் மறுபடி மதுரைக்கு வரத்தான் போகிறீர்கள்!